தீர்ப்பாய வராந்தாவில் உதவிய அந்தப் பெரியவருக்கு

சார், பெயர் சொல்லாமலே போய்விட்டீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்னை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில், சீனியர் வராத ஒரு நாள், கட்டுக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்த ஜூனியர் வக்கீல் நான். கட்சிக்காரர் வாங்கிய கடனை, சரியாக விளக்கம் தராத பணம் என்று வருமான வரிச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி அவருடைய வருமானமாகவே வரித்துறை சேர்த்துவிட்ட வழக்கு. நீங்கள் பக்கத்தில் வந்து, "என்னம்மா, பேப்பர் புக்கா? கொடு பார்ப்போம்" என்றீர்கள். தீர்ப்பாயத்தில் கொடுக்க வழக்கின் ஆவணங்களைப் பக்க எண் போட்டுத் தொகுத்த கட்டுதான் பேப்பர் புக்.

புரட்டிவிட்டு நீங்கள் கேட்டது அப்படியே நினைவிருக்கிறது: "கடன் கொடுத்தவர் யாருன்னு காட்டியாச்சு. அவர்கிட்ட அவ்வளவு பணம் இருந்ததா? அது நிஜமாவே கை மாறுச்சா? மூணும் வேணும்மா." அப்புறம் என் பேனாவை வாங்கி, அந்தக் கட்டின் ஆவண அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அந்த ஆவணம் மதிப்பீட்டு அதிகாரி முன் இருந்ததா, மேல்முறையீட்டு ஆணையர் முன் வைத்ததா என்று குறிக்கச் சொன்னீர்கள். புதுச் சான்று என்றால் தீர்ப்பாயம் அனுமதித்தால்தான் உள்ளே வரும். சட்டக் கல்லூரியில் இதையெல்லாம் யார் சொல்லித்தருகிறார்கள்?

கடன் கொடுத்தவரின் வங்கிக் கணக்குத் தாள் எந்தப் பக்கம் என்று அமர்வு கேட்டபோது, உடனே சொல்ல முடிந்தது. வரி வழக்கே போதும், சிவிலுக்குப் போய்விடலாம் என்றிருந்த எண்ணமும் அன்றோடு போனது.

இப்போது தனியாக அலுவலகம் வைத்திருக்கிறேன். ஜூனியர்களிடம் நான் முதலில் கேட்பதும் அந்த அட்டவணையைத்தான். இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார், நல்ல ஃபில்டர் காபி என் செலவு.