கையில மூணு ஏழு

டேய் மாமே,

இன்னா எப்டிக்கிற? துபாய்ல வெயில் தாளிக்குதா? இங்க காசிமேட்டுல ஏப்ரல் 15லேர்ந்து விசைப்படகு எல்லாம் கரையில கட்டிக் கெடக்குது, ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாளு இன்னாதான் பண்றது, பகல்ல வலை பின்றோம், நைட்டுல எங்க வூட்டு மொட்டமாடில சீட்டு. காசு இல்லடா, புளியங்கொட்டை தான், அம்மா சேத்து வச்சிருந்தது. மூணு சீட்டு போரடிச்சி போயி இப்ப நீ லீவுல வந்தப்ப கத்துக்குடுத்த போக்கர் தான் ஓடுது, ஆளுக்கு ரெண்டு சீட்டு, எல்லாருக்கும் பொதுவா நடுவுல அஞ்சு.

நேத்து எனக்கு ரெண்டு ஏழு. நடுவுல பந்தயம் 20 கொட்டை. ஃப்ளாப், அதான் மொத மூணு பொது சீட்டு, பிரிச்சா ஆட்டின் ராஜா, ஆட்டின் ஏழு, இஸ்பேடு ரெண்டு! கையில ஜோடி இருந்தாலும் ஃப்ளாப்ல மூணாவது வர்றது எட்டு தடவைக்கு ஒரு தடவை தானே, மூஞ்ச எழவு வூட்டுக்கு வந்தவன் மாதிரி வச்சிகினேன். தாஸு அண்ணன் 10 வச்சாரு, ராஜா கீதுன்னு அவரு பீடி இழுக்கறதுலயே தெரியும். மீனு இப்பதான் தூண்டில மோந்து பாக்குது, வெடுக்குனு வலிச்சா ஓடிடும்னு நெனச்சி ஏத்தாம அதே 10ஐ போட்டு கம்முனு கால் பண்ணேன்.

எனக்குப் பின்னாடி மச்சினன் குந்தினுகீறத மறந்துட்டேன். அவன்கிட்ட ஆட்டின்ல 9, 10, இன்னொரு ஆட்டின் வந்தா அஞ்சும் ஒரே எனம், ஃப்ளஷ், என் மூணு ஏழை அடிச்சிடும். நான் கால் பண்ணதால நடுவுல 40, அவன் 10 போட்டா போதும், அஞ்சுல ஒண்ணு ஜெயிச்சாலே கட்டும், அடுத்த சீட்டு ஆட்டின் வர்றது 47ல 9, கிட்டத்தட்ட அதே கணக்கு. டிக்கெட் எடுத்து உள்ள விட்டதே நான்தான். நான் 35னு ஏத்தி ரைஸ் பண்ணிருந்தா 65 எடுக்க 35 போடணும், அதுக்கு வந்திருந்தான்னா அவன் கேனை.

டர்ன்ல, அதான் நாலாவது பொது சீட்டு, ஆட்டின் நாலு. தாஸு ஒண்ணும் வைக்காம பாஸ், நான் 30, மச்சினன் பையன் இருந்த 90ஐயும் தள்ளிட்டான். ஃப்ளஷ்னு நல்லா தெரியுது. அத அடிக்க மூணு ஏழோட ஒரு ஜோடி சேந்து ஃபுல் ஹவுஸ் ஆவணும், இல்ல நாலாவது ஏழு வரணும், எனக்கு 46ல 10 சீட்டு, 170க்கு இன்னும் 60 போடணும், கணக்குக்கு கட்டவே கட்டாது, ஆனா மூணு ஏழை கீழ வைக்க கை வரல மாமே. ரிவர்ல, அதான் கடைசி சீட்டு, இஸ்பேடு ஜாக்கி. அந்தக் கொட்டைங்கள அவன் லுங்கில வாரிகினு போனான் பாரு, அத தான் தாங்க முடில.

ஒண்ணு சொல்லு, ஃப்ளாப்ல ரெண்டு ஆட்டின் இல்லாம மூணும் வேற வேறயா வந்திருந்தா நீ கால் பண்ணிருப்பியா? நான் பண்ணிருப்பேன். தாஸு அண்ணன், அப்பவும் ரைஸ் பண்ணி அடிச்சித் தூக்குங்கறாரு.

அம்மா கேட்டாங்க, எப்ப வர்ற? படகு எறங்கினப்புறம் வா, இப்ப வஞ்சரம் விக்கிற வெலைக்கு நெத்திலி தான் போடுவேன்.