நோட்டைக் காயவைத்த இஸ்திரி அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எங்கள் சென்னை வேளச்சேரியில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் வீட்டில் அதேதான் நடந்தது. மீதிப் பேர் எங்கள் போன் எடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அதனால் தண்ணீர்க் கதையை விட்டுவிட்டு நேராக நன்றிக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது, புது வருஷமும் வரப்போகிறது. இப்போது எழுதாவிட்டால் வெள்ளையடிப்பு, வயரிங், ஆபீஸ் என்று தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

யாருடைய பெயரையும் போடவில்லை. முக்கியமாக யாருக்கு எழுதுகிறேனோ அவரே, "என் பேரெல்லாம் போடாதம்மா, அப்புறம் ஊர்ல இருக்கிற நனைஞ்ச நோட்டையெல்லாம் எங்கிட்ட தூக்கினு வருவாங்க" என்று சொல்லிவிட்டார்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்த மீனவத் தம்பிகளுக்கு. தங்கள் அடுப்பையும் கட்டிலையும் எங்களுக்கு விட்டுக்கொடுத்த மாடி வீட்டுக்காரர்களுக்கு. பால் பாக்கெட்டே கண்ணில் படாத நாட்களில் தன் குழந்தைக்கு வைத்திருந்ததில் பாதியை அம்மாவின் காபிக்குக் கொடுத்த எதிர் வீட்டுப் பெண்ணுக்கு (காபி வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை). சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கொடுத்து "காசு அப்புறம் பாத்துக்கலாம்" என்ற மருந்துக்கடைக்காரருக்கு. மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பிய பள்ளிவாசல்காரர்களுக்கு. துடைப்பத்தோடு வந்த எங்கள் சபை வாலிபர்களுக்கு. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து எங்கள் தெருச் சேற்றை அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கு. இந்நேரம் அவரவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள், இது அவர்கள் கண்ணில் படாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாக்கெட் பிரெட்டைக் கொடுத்துவிட்டு நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களுக்கும் நன்றி. பிரெட் நல்ல பிரெட்தான்.

இனி அந்த நோட்டு.

எங்கள் ஆச்சி, அதாவது அம்மாவின் அம்மா, திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து கல்யாணமாகி மெட்ராசுக்கு வந்தவர். தாத்தாவுக்குப் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை, வேப்பேரியில் வாடகை வீடு. வந்த வருஷமே, 1951-இல், ஆச்சி ஒரு நீளக் கணக்கு நோட்டு போட்டார். மளிகைக் கணக்குக்கு வேறு நோட்டு உண்டு. இது கிறிஸ்துமஸுக்கு மட்டும். ஒவ்வொரு வருஷமும் என்ன வாங்கியது, என்ன சுட்டது, யார் யார் வீட்டுக்குத் தட்டு போனது. அவ்வளவுதான். முதல் பக்கங்களில் வெல்லம் வீசைக் கணக்கு, காசு அணாக் கணக்கு. 1957-க்கு அப்புறம் நயா பைசா வருகிறது. இன்னும் சில பக்கம் தள்ளினால் வீசை போய்க் கிலோ வந்துவிடுகிறது. அரிசிக்கு மட்டும் கடைசி வரை படிதான். அரசாங்கம் என்ன சட்டம் போட்டாலும் ஆச்சியின் படியை அசைக்க முடியவில்லை.

அந்த நோட்டு பீரோவின் அடித்தட்டில் இருந்தது. அடித்தட்டில் இருந்த எதுவும் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

தண்ணீர் வடிந்ததும் வீட்டிலிருந்த மெத்தை, மரச்சாமான், புத்தகம் எல்லாம் வாசலில் குவிந்தன. அம்மா மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்திருந்தார். படகில் ஏறியதிலிருந்தே அம்மா சரியாகப் பேசவில்லை. கேட்டால் ஆமாம், இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். எழுபது வயதுக்கு மேல் ஒரு மனுஷி அப்படி உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்களுக்குத்தான் பயம்.

அப்போதுதான் இஸ்திரி அண்ணன் வந்தார். எங்கள் தெரு முனையில் வேப்பமரத்தடியில் வண்டி போட்டிருப்பவர். அவருடைய வண்டி பாதி உடைந்திருந்தது, கரி மூட்டை முழுக்க நனைந்துபோயிருந்தது, தேய்க்க வந்த துணிகள் எந்த வீட்டுடையது என்றே தெரியாமல் கிடந்தன. அவற்றைத் திருப்பிக் கொடுக்கத்தான் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்தார், மடியிலிருந்ததைப் பார்த்தார். "குடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார். அம்மாவும் கொடுத்துவிட்டார், அதுதான் எனக்கு ஆச்சரியம். அந்த நோட்டை எங்கள் யார் கையிலும் அவர் கொடுத்ததில்லை.

இஸ்திரிப் பெட்டியை வைத்து ஒரே அழுத்தாக அழுத்துவார் என்றுதான் நினைத்தேன். பெட்டியைத் தொடவே இல்லை. "ஈரத்துல சூடு வெச்சா பேப்பர் பேப்பரோட ஒட்டிக்கும்" என்றார். மாடி வீட்டில் பழைய தந்திப் பேப்பர் கட்டு ஒன்று இருந்தது. அதை வாங்கினார். நோட்டின் தையல் நூலை பிளேடால் அறுத்து, தாளைத் தாளாகப் பிரித்தார். ஒட்டிக்கிடந்த இடத்தில் விரல் நகத்தைக்கூடப் போடாமல், ஒரு பழைய சேலைத் துண்டை மேலே வைத்து, துண்டோடு சேர்த்து மெல்ல உயர்த்தினார். ஒவ்வொரு தாளுக்கு நடுவிலும் ஒரு செய்தித்தாள். மேலே பலகை, பலகை மேல் அம்மிக்கல். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து ஈரமான பேப்பரை உருவிவிட்டுக் காய்ந்ததை வைப்பார். வெயிலில் போடக்கூடாது, தாள் சுருண்டுபோகும் என்றார். ஓரளவு காய்ந்த பிறகுதான் பெட்டி வந்தது, அதுவும் மேலே வேட்டித் துணி விரித்து, சூடு ஆறிய பெட்டி. பட்டுப்புடவைக்குக்கூட இவ்வளவு பக்குவம் பார்த்து நான் பார்த்ததில்லை.

ஆச்சி பென்சிலில் எழுதுகிறவர். அதனால்தான் எழுத்து பிழைத்தது. பென்சில் கரிக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. தாத்தா அங்கங்கே மையில் எழுதியிருந்த வேத வசனங்கள் எல்லாம் நீலக் கறையாகிப் போய்விட்டன. அதற்கு அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டார்.

ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது இதற்கு மட்டும் இல்லை. அவர் அதைப் படித்தார். பேப்பர் மாற்றும்போதெல்லாம் பக்கத்தைப் படித்துவிட்டு, அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போவார். முதல் கேள்வி இது: "ஏம்மா, எல்லா வருசமும் முறுக்கு அஞ்சு படி, ஆறு படின்னு போட்டுகீது. 64-ல மட்டும் ஒண்ணுமே இல்லியே, பாட்டிக்கு ஒடம்பு சரியில்லியா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "புயல்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்ல ஆரம்பித்தார். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில், உள்ளே இருந்தவர்களோடு அலையில் போனது. எங்களுடையது ரயில்வே குடும்பம். செய்தி வந்ததும் தாத்தா வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாராம். ஆச்சி அரைத்து வைத்த மாவை அப்படியே பக்கத்து வீட்டுக்குத் தோசைக்குக் கொடுத்துவிட்டார். எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஆர்மோனியமுமாக கேரல் போனவர்கள் அந்த வருஷம் கிடைத்த காசு முழுவதையும் ராமேஸ்வரத்துக்கு அனுப்பினார்கள். அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இதை எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

மறுநாள் இன்னொரு பக்கம். 1973. "முறுக்கு 6 படி. முழுதும் வாசலில் தீர்ந்தது" என்று ஆச்சி எழுதியிருக்கிறார். வாசலில் எப்படித் தீரும் என்று அண்ணன் கேட்டார். அம்மா சிரித்துவிட்டார்! 24-ஆம் தேதி வேலூரில் பெரியார் இறந்தார். மறுநாள், கிறிஸ்துமஸ் அன்று, வேப்பேரி பெரியார் திடலில் அடக்கம். எங்கெங்கிருந்தோ வந்த ஜனம், கறுப்புச் சட்டைக்காரர்கள், தெருவில் கால் வைக்க இடமில்லை. கடை எதுவும் இல்லை. நடந்து வந்தவர்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார்கள். வெறும் தண்ணீரை எப்படிக் கொடுப்பது என்று ஆச்சி முறுக்கு டின்னைத் திறந்துவிட்டார். கடவுள் இல்லை என்று சொன்னவருக்கு வந்த கூட்டத்துக்கு இயேசு பிறந்தநாள் பலகாரமா என்று தாத்தா முணுமுணுத்தாராம். "பசிக்கு ஞானஸ்நானம் கொடுத்தாச்சா என்ன" என்று ஆச்சி கேட்டாராம். அண்ணன் இதைக் கேட்டுவிட்டு பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இப்போது தெருவில் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும், அவர் உபயம்.

1987 எனக்கே நினைவிருக்கிறது. 24-ஆம் தேதி விடியுமுன் எம்.ஜி.ஆர். இறந்தார், கிறிஸ்துமஸ் அன்று மெரினாவில் அடக்கம். பஸ் இல்லை, கறிக்கடை இல்லை. புதுத்துணி தையல்காரரிடமே மாட்டிக்கொண்டது. பழைய பாவாடையோடு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு விடிகாலை ஆராதனைக்கு நடந்தே போனேன். மத்தியானம் முருங்கைக்காய்ச் சாம்பார். ஆச்சி நோட்டில் ஒரே வரி: "கோழி இல்லை. சாம்பார் நன்றாக வந்தது."

இப்படியே போனது. ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி ஆச்சிக்குக் கல்கல் செய்யச் சொல்லிக்கொடுத்த பக்கம்: மைதா, முட்டை, தேங்காய்ப்பால், புதுச் சீப்பு ஒன்று. மாவைச் சின்னதாகக் கிள்ளிச் சீப்பின் மேல் வைத்து அழுத்திச் சுருட்டினால் வரி விழும். பதிலுக்கு ஆச்சி அவருக்கு முந்திரிக்கொத்து சொல்லிக்கொடுத்தார். பாசிப்பயறை வறுத்து உடைத்து, வெல்லப்பாகில் தேங்காய், எள், ஏலம், சுக்கோடு கிளறி உருட்டி, மூன்று மூன்றாக மாவில் தோய்த்து எண்ணெயில் போடுவது. அந்தக் குடும்பம் பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. கேக் மாவைத் தகரத்தட்டில் ஊற்றி, துணி மூடி, தெருமுனை பேக்கரி அடுப்பில் கொடுத்து வேகவைத்து வாங்கி வருவதற்கு அம்மாதான் ஆள். வழியில் தட்டைச் சாய்த்துவிட்டு ஒரு பக்கம் மேடாகக் கேக் வந்த வருஷத்தையும் ஆச்சி விடாமல் குறித்திருக்கிறார். அதற்கு அம்மா இன்றைக்கும் ரோட்டைத்தான் குற்றம் சொல்கிறார்.

ஒவ்வொரு வருஷக் கணக்கும் தட்டு வரிசையோடுதான் முடியும். பால்காரர், போஸ்ட்மேன், தையல் மிஷின் பாய், மாடி வீட்டு மாமி (இவருக்கு முட்டை சேராத பலகாரம் தனியாக), கார்ப்பரேஷன் ஆள். ஒரு பக்கத்தில் "துணி தேய்ப்பவர்" என்றும் இருந்தது. "எங்காளும் கீறாரு பாரு" என்று அண்ணன் விரலை வைத்துக் காட்டினார். அந்தத் தட்டுகள் ஒன்றும் வெறுமனே திரும்பி வந்ததில்லை. பாய் வீட்டிலிருந்து ரம்ஜானுக்கும், மாமி வீட்டிலிருந்து தீபாவளிக்கும் அதே தட்டில் ஏதாவது வரும்.

கிறிஸ்துமஸை எங்கள் வீட்டுப் பண்டிகை, எங்கள் சபைப் பண்டிகை என்றே நினைத்து வளர்ந்தவள் நான். நோட்டைப் பார்த்தால் வீட்டுக்குள் இருந்ததைவிட வாசலைத் தாண்டிப் போனதுதான் அதிகம். வருஷா வருஷம் புயலோ, சாவோ, சர்க்கரைத் தட்டுப்பாடோ ஏதாவது ஒன்று இருந்திருக்கிறது. எதுவும் இல்லாத கிறிஸ்துமஸ் அந்த நோட்டில் குறைவு. இந்த வருஷம் நமக்கு மட்டும் இப்படி ஆகிவிட்டதே என்று இருந்த எனக்கு அது ஒருவிதத்தில் தெம்பாக இருந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். கேட்டால் சொல்ல மாட்டார்.

அண்ணே, நோட்டைத் திரும்பத் தைத்துக் கொடுத்த அன்று எவ்வளவு என்று கேட்டேன். "இது துணி இல்லியே, எனக்கு ரேட்டு தெரியாது" என்று போய்விட்டீர்கள். சரி, நீங்கள் வாங்க மாட்டீர்கள். ஆனால் அந்தத் தட்டு வரிசையில் உங்களுக்கு நிரந்தரமாக இடம் போட்டாயிற்று, அதை நீங்கள் தடுக்க முடியாது. வேப்பமரத்தடியில் புது வண்டி நிற்க வேண்டும் என்று தெருவில் பேசிக்கொண்டிருக்கிறோம். தச்சரிடம் சொல்லியாயிற்று. மறுத்தால் அம்மா வந்து பேசுவார். இப்போது அவர் பேச ஆரம்பித்துவிட்டார், யாராலும் நிறுத்த முடியாது, அதற்குக் காரணமும் நீங்கள்தான்.

ஆச்சி 1991-இல் போனதோடு நோட்டு நின்றுவிட்டது. இந்த 25-ஆம் தேதி ராத்திரி அம்மா பென்சில் கேட்டார். மாடி வீட்டு அடுப்பில் சுட்டது ஒரு படிதான், அச்சு முறுக்கு உடைந்து உடைந்து வந்தது, எல்லாம் எழுதினார். இனி வருஷா வருஷம் எழுதுவது என் வேலை. எழுதுவேன். பென்சிலில்தான்.

கடைசியாக ஒரு விஷயம். சாப்பாடு வந்த பாத்திரங்களில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெயர் வெட்டாத ஒரு எவர்சில்வர் தூக்கும், மூடியில் "ச.ரா." என்று வெட்டிய ஒரு சம்படமும் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. யாருடையது என்று சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள், அம்மா இருப்பார். தூக்கில் முறுக்கு போட்டு வைத்திருக்கிறது. சீக்கிரம் வந்தால் நமுத்துப்போவதற்குள் கிடைக்கும்.