பழைய காசில் நெருப்பு வைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு நகைப் பட்டறையில் 38 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இப்போது ஈசூனில் ஓய்வு. போன மாதம் எங்கள் புளோக்கில் இருக்கும் ஓர் அம்மா கைக்குட்டையில் சுற்றி ஒரு வெள்ளிக் காசைக் கொண்டுவந்தார். "பேத்திக்கு டாலர் பண்ணணும்ணே, ஒரு வளையம் பத்தவச்சுக் குடுங்க" என்றார். (டாலர் காசு புழங்கும் ஊரில் பதக்கத்துக்கும் டாலர் என்றே பெயர்!)

அவருடைய தாத்தா கரூர்க்காரர். அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசை மடியில் முடிந்துகொண்டு ரஜூலா கப்பலில் வந்திருக்கிறார். தராசில் வைத்தேன், 3.6 கிராம். ஒரு பக்கம் இலைமாலை சூடிய தலை, மறுபக்கம் இருக்கையில் ஒரு பெண். ரோமப் பேரரசர் திபேரியசின் தினாரியஸ் என்ற வெள்ளிக் காசு. கொங்கு நாட்டுப் புதையல்களில் இவர் காசும் அகஸ்டசின் காசும்தான் அதிகம்.

யவனர், அதாவது கிரேக்க, ரோம வணிகர் என்றாலே பொன்னைத்தான் பேசுகிறோம். எனக்கென்னவோ அவர்கள் வெள்ளிதான் பிடிக்கும். அகஸ்டஸ் காலத்தில் அது கிட்டத்தட்ட சுத்த வெள்ளி. ஒரு ரோமப் பவுண்டு எடைக்கு 84 காசு அடித்தார்கள். கி.பி. 64 வாக்கில் நீரோ அதை 96 ஆக்கி, செம்பையும் கூட்டினார். அதற்குப் பிந்திய வெள்ளிக் காசுகள் நம் பக்கம் அரிது. மாற்று (உலோகத் தூய்மை) குறைந்ததை நம் வணிகர்கள் தள்ளிவிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் வியப்பே இல்லை. செம்பின்மேல் வெள்ளித்தகடு போர்த்திய கள்ளக்காசு அன்றைக்கே உண்டு; அதைப் பிடிக்கத்தான் உளியால் வெட்டிப் பார்த்தார்கள். தாய்லாந்தில் கிராபி பக்கம் குலோங் தோமில் ஓர் உரைகல் கிடைத்தது. அதில் தமிழின் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் 'பெரும்பதன் கல்', அதாவது பெரும்பதன் என்பவரின் கல் என்று வெட்டியிருக்கிறது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் என் தொழில்காரர் ஒருவர் இத்தனை பக்கத்தில் உட்கார்ந்து உரசிப் பார்த்திருக்கிறார்!

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். அந்த அம்மா அதற்குள் காசைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார். பேரரசருக்கு மூக்கு பாதிதான் மிச்சம். இத்தனை காலம் மண்ணில் கிடந்த வெள்ளி வெளியே திடமாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும். வளையம் பற்றவைக்கப் பொடி வைத்து நெருப்பு ஊதினால் விரிசல் விடலாம். 'பத்து நிமிட வேலை' என்று இதை வாங்கிப்போடும் பட்டறைத் தம்பிகள் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். வீட்டில் வைத்திருப்பவர்கள் புளி, விபூதி, பற்பசை எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். காசின் மேல் இருக்கும் அந்தக் கறுப்பு வெறும் அழுக்கு அல்ல.

கழுத்தில் போட்டே ஆக வேண்டுமென்றால் தனியாக ஒரு வெள்ளிக் கூடு செய்து, அதற்குள் காசை உட்கார வைத்து, ஓரத்தை மெதுவாக மடக்கலாம். காசில் சூடே படாது. அந்த அம்மாவுக்கு இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கை கொஞ்சம் நடுங்குகிறது, தீபாவளிக்குள் முடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொற்கொல்லர், ஈசூன்