பாட்டுக்கு வயது வேறு, கிரானுவேலுக்கு வயது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அயர்லாந்தின் கடல் தலைவி கிரேஸ் ஓ'மாலியைப் (அங்கே கிரானுவேல்) பற்றிய கப்பல் பாட்டு ஒன்றைத் தமிழில் தந்திருந்தீர்கள். இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். இருபத்திரண்டு ஆண்டுகள் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன் நான். வடத்தைப் பிடிக்கிற நினைப்பில் விரல்கள் தாமாக மடங்கின. மொழிபெயர்த்தவருக்கு என் நன்றி.

ஆனால் பாட்டுக்கு மேலே இருந்த அறிமுகக் குறிப்பு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ‘கொள்ளைக்காரி ஒருத்தியின் மாலுமிகள் நானூறு ஆண்டுகளுக்கு முன் பாடியது’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அவர்கள் இதைப் பாடியிருக்க முடியாது. கிரேஸ் ஓ'மாலியைக் கொள்ளைக்காரி என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்கவும் முடியாது.

முதலில் பாட்டு. நீங்கள் தந்தது ஷாண்டி, அதாவது மாலுமிகளின் வேலைப் பாட்டு. அந்த வகை 19ஆம் நூற்றாண்டின் பாய்மரச் சரக்குக் கப்பல்களில் தழைத்தது. பாய்கள் பெரியவை, ஆட்கள் குறைவு. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் பல்லவியில் சேர்ந்துகொண்டு, குறித்த சொல் வரும்போது ஒரே மூச்சில் இழுப்பார்கள். பாய் ஏற்ற ஒரு பாட்டு, நங்கூரம் தூக்கும் உருளையைச் சுற்றி நடக்க வேறொரு பாட்டு, கப்பலில் சேர்ந்த நீரை இறைக்க இன்னொன்று. நீராவிக் கப்பல்கள் பெருகியதும் அந்த வேலைகள் போயின. பாட்டு மேடைக்கு வந்தது. நம் கடற்கரைகளில் வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாவும் இதே இனம்தான். ‘கடற்கொள்ளையர் பாட்டு’ என்பதற்குப் பதில் ‘அம்பா’ என்று தலைப்பிட்டிருந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்கியிருக்கும்.

அது வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதை ஒரு குளிர்கால இரவில் கற்றேன். கப்பலைக் கரையில் கட்டும்போது, வடத்தை இழுக்கும் இயந்திரமான வின்ச் நின்றுபோனது. காற்று கப்பலை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வடத்தில் நாங்கள் ஆறு பேர். எங்களுக்குள் மூன்று மொழிகள். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்ததால் வடம் அசையவே இல்லை. வயதான பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இரண்டே சொற்களை ராகம் போட்டுச் சொல்லத் தொடங்கினார். பொருள் எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டாவது சொல்லில் எல்லோரும் சாய்ந்தோம். உள்ளங்கை உரிந்தது, வடம் முழம் முழமாக வந்தது.

கிரானுவேல் என்று அயர்லாந்து மக்கள் அழைக்கும் அந்தப் பெண்மணி இந்தப் பாட்டு வகைக்கு வெகுகாலம் முந்தியவர். ஏறத்தாழ 1530இல் பிறந்து 1603 வாக்கில் மறைந்தவர். அவருடைய கலங்கள் துடுப்பும் பாயும் சேர்ந்தவை. துடுப்பு வலித்தவர்களும் ஏதேனும் பாடியிருப்பார்கள். ஆனால் அது ஐரிஷ் மொழியில் இருந்திருக்கும்.

இனி கொள்ளைக்காரி என்ற அந்தச் சொல். மேற்கு அயர்லாந்தில் மேயோ பகுதியின் கிளூ வளைகுடா ஓ'மாலி குலத்தின் கடல். அவ்வழியே போகும் கப்பல்களிடம் அவர்கள் தீர்வை கேட்டார்கள். கொடுக்காதவர்களின் சரக்கை எடுத்துக்கொண்டார்கள். பறிகொடுத்த வணிகருக்கு அது கொள்ளைதான், மறுக்கவில்லை. ஆனால் தன் நிலத்தையும் கடலையும் ஆங்கிலேய ஆளுநர்கள் விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் குலத்தைக் கட்டிக்காத்த தலைவி அவர். 1577இல் கால்வே நகரில் அவரைச் சந்தித்த, அயர்லாந்தை ஆண்ட ஆங்கிலேய அரசப் பிரதிநிதி சர் ஹென்றி சிட்னி, மூன்று கலங்களையும் 200 வீரர்களையும் தருவதாக அவர் முன்வந்ததை எழுதிவைத்திருக்கிறார். மேயோவை உள்ளடக்கிய கானாக்ட் மாகாணத்தின் ஆங்கிலேய ஆளுநர் ரிச்சர்ட் பிங்ஹாம் அவரைத் துரோகி என்றும், நாற்பது ஆண்டுகளாக அம்மாகாணத்துக் கலகங்களுக்கெல்லாம் செவிலித்தாய் என்றும் எழுதினார். அந்தப் பிங்ஹாமின் ஆட்சியில்தான் மூத்த மகன் ஓவன் கொல்லப்பட்டார். இளைய மகன் டிபட்டும் சிறையில் அடைக்கப்பட்டார்.

அறுபதைத் தாண்டிய அந்தத் தாய் 1593இல் லண்டனுக்குக் கப்பலேறினார். மேயோவிலிருந்து தேம்ஸ் ஆற்றுக்குப் போகும் கடல் எத்தகையது என்று கப்பலில் போனவர்களுக்குத் தெரியும். அரசுத் தரப்பு அவரிடம் 18 கேள்விகள் எழுப்பியது. அவருடைய பதில்கள் ஆவணமாக இருக்கின்றன. கணவர் இறந்தால் ஐரிஷ் வழக்கப்படி மனைவிக்கு நிலத்தில் பங்கு கிடையாது என்பதை விளக்கி, வாழ்நாளுக்கு ஒரு பராமரிப்பு வேண்டும் என்றார். மகனை விடுவிக்கக் கேட்டார். அந்தச் செப்டம்பரில் கிரீனிச் அரண்மனையில் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியைச் சந்தித்தார். அரசி தந்த கைக்குட்டையில் மூக்கைச் சிந்தி நெருப்பில் எறிந்தார் என்ற கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், உங்கள் குறிப்பும் அதையே சொல்கிறது. அது கதை. மகன் விடுதலையாகி வந்தது நடந்தது. எனக்கு அதுதான் பெரிது.

எல்லாக் கதைகளையும் தள்ளச் சொல்லவில்லை. கிரானுவேல் தமது ராக்ஃப்ளீட் கோட்டையில் தூங்கும்போது தன் கலத்தின் கயிற்றைச் சுவரிலிருந்த துளை வழியே இழுத்துக் கட்டிலில் கட்டிவைத்திருப்பாராம், யாராவது கலத்தைத் தொட்டால் விழித்துக்கொள்ள. கப்பல்காரன் எவனும் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டான். கரையில் படுத்திருக்கும்போதும் கயிற்றின் இழுப்பு எங்கள் உடம்பில் இருந்துகொண்டே இருக்கும்.

அவர் பெயரைச் சொல்லி மக்கள் வாயில் ஏறிய பாட்டு ஒன்றும் உண்டு. ‘ஓரோ’ என்று தொடங்கி, வீட்டுக்கு நல்வரவு சொல்லும் பழைய மெட்டு. ஐரிஷ் கவிஞரும் விடுதலைப் போராளியுமான பாட்ரிக் பியர்ஸ் அதற்குப் புதிய வரிகள் எழுதி, கடல் தாண்டி வீரர்களோடு வரும் கிரானுவேலை அதில் வைத்தார். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சிக்காக பிரிட்டிஷ் அரசு பியர்ஸைச் சுட்டுக் கொன்றது. விடுதலைப் போரில் அந்தப் பாட்டைப் பாடியவர்களுக்குக் கிரானுவேல் கொள்ளைக்காரி அல்ல, அயர்லாந்தே அவர்தான்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அந்த 18 கேள்விகளில் நாலைந்தையும் பதில்களையும் தமிழில் தந்தால் இன்னும் நல்லது. பாட்டை மறுபடி அச்சிடுவதாக இருந்தால் பல்லவி வரிகளைத் தனியே தள்ளிப் போடுங்கள். எது ஒருவர் குரல், எது எல்லோருக்கும் உரியது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். பல்லவியில் ‘இழு’ என்ற சொல் வரியின் தொடக்கத்தில் வந்திருக்கிறது. அதைக் கடைசிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மூச்சை இழுத்துக்கொள்ள ஆட்களுக்கு அவ்வளவு நேரம் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர்,
தூத்துக்குடி