மியூனிக்கில் கார் எடுக்க வரும் பிள்ளைக்கு

மியூனிக், 2018 செப்டம்பர் 9

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பின ஓர்டர் பேப்பரை வடிவாகப் பார்த்தேன். பி.எம்.டபிள்யூ 430ஐ கிரான் கூப்பே, நாலு சில்லும் இழுக்கிற எக்ஸ்டிரைவ், டிசெம்பர் முதல் கிழமை மியூனிக்கில் கையளிப்பு, இங்கே கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுக் கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்புவது. கார் நல்ல தெரிவு. மாதம்தான் பிழை. ஏப்ரல் கடைசிக்கு மாற்ற ஏலுமா என்று டீலரிடம் கேள். ஏன் என்று எழுதுகிறேன். வாசித்த பிறகும் டிசெம்பர்தான் என்றால், அதற்கு என்ன ஆயத்தம் வேண்டும் என்பதும் இதற்குள்ளேயே இருக்கு.

முதலில் காசு. ஐரோப்பாவில் வந்து எடுத்தால் அமெரிக்கப் பட்டியல் விலையில் ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். 50,000 டொலர் காருக்கு 2,500. இரண்டு விமான ரிக்கெற்றும் ஹோட்டலும் அதைத் தின்றுவிடும். வருசக் கடைசியில் முற்றத்தில் நிற்கிற காருக்கு டீலர் அந்தளவு கழிவைத் தானாகவே குடுப்பார். ஆகவே இதை மிச்சம் பிடிக்கிற வழி என்று நினையாதே. எப்படியும் எங்களைப் பார்க்க வருவாய், அந்தப் பயணச் செலவைக் கார் கட்டுகிறது என்று வைத்துக்கொள். இன்னும் குறைக்கக் கேட்பதென்றால் அந்தக் குறைந்த விலையிலிருந்து தொடங்கிக் கேள். பட்டியல் விலையில் தொடங்கினால் ஒரே கழிவை இரண்டு தரம் காட்டிச் சமாளித்துவிடுவார்கள். கப்பலேற்றி அனுப்புகிற 995 டொலர் கட்டணம் வழமைபோல உண்டு, நீயே வந்து எடுத்தாய் என்பதற்காக அது தள்ளுபடி ஆகாது. நியூ ஜேர்சி விற்பனை வரி 6.625 சதவீதமும் அங்கே கட்டத்தான் வேண்டும். கார் ஏற்றுமதிக்குப் போவதால் ஜேர்மன் 19 சதவீத வரி மட்டும் உன் தலையில் விழாது.

இங்கே சாவி தருவதற்கு முன்பே முழுக் காசும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கடன் எடுத்தால் தவணை ஓடத் தொடங்கிவிடும், கார் கடலில் நிற்கும்போதே ஒரு தவணை, சிலவேளை இரண்டு கட்ட வேண்டி வரும். மருமகனின் பழைய காரை அதற்கு முன் விற்றுப்போடாதேங்கோ.

இனி டிசெம்பர் விசயம். ஜேர்மனியில் குளிர்கால ரயருக்குத் திகதிக் கணக்கு இல்லை. றோட்டில் பனியோ உறைபனியோ பனிச்சேறோ இருந்தால் அந்த ரயர் இல்லாமல் ஓடக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். உன் கார் அமெரிக்காவுக்கென்று செய்தது, எல்லாக் காலத்துக்குமான ரயரோடு வரும். பக்கச் சுவரில் எம் பிளஸ் எஸ் (M+S), அதாவது சேறும் பனியும், என்று அடித்திருக்கும். போன வருசம்வரை அது போதும். இந்த வருசம் ஜனவரி 1இலிருந்து செய்த ரயர் என்றால், மூன்று முனை மலைக்குள் பனிப்பூ வரைந்த குறி கட்டாயம். பழைய எம் பிளஸ் எஸ் ரயருக்கு 2024 செப்டம்பர் 30வரை விட்டிருக்கிறார்கள், ஆனால் அது 2017 முடிவதற்குள் செய்ததாக இருக்க வேண்டும். ரயரின் பக்கத்தில் டொற் (DOT) என்று தொடங்குகிற வரியில் கடைசி நாலு இலக்கத்தைப் பார்: 3818 என்றால் 2018ஆம் வருசத்து 38ஆவது கிழமை. நவம்பரில் கட்டுகிற காரில் 17இல் முடிகிற இலக்கம் வரும் என்று நம்பி இருக்க ஏலாது. பிடிபட்டால் ஓட்டினவருக்கு 60 யூரோ, சொந்தக்காரருக்கு 75. தண்டம் பெரிதில்லை. அந்த ரயரோடு ஒரு இடி நடந்தால் இன்சூரன்ஸோடு வழக்குப் பேச வேண்டி வரும், அதுதான் பெரிய தலையிடி.

குளிர்கால சில்லு நாலும் வாடகைக்கு எடுக்கலாமே என்பாய். எடுக்கலாம். ஆனால் கார் கிடைத்த அன்றே மாற்ற வேண்டும், உன்னுடைய நாலையும் எங்கேயாவது வைத்திருக்க வேண்டும், கப்பலுக்குக் குடுக்க முதல் திரும்ப மாற்ற வேண்டும். இரண்டு நேரமும் முன்பதிவு வேண்டும். அக்டோபரிலிருந்து டிசெம்பர்வரை இங்குள்ள ரயர் கடைகளில் சனம் வரிசையில் நிற்கும், உடனே நேரம் கிடைக்காது. இங்கத்தைய ஆட்கள் 'ஓவிலிருந்து ஓவரை' என்பார்கள்: ஒக்டோபரிலிருந்து ஓஸ்ரர்ன், அதாவது ஈஸ்டர்வரை குளிர்கால ரயர். 2019இல் ஈஸ்டர் ஏப்ரல் 21. ஒஸ்திரியாவில் திகதி உண்டு, நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15வரை. அந்த நாட்களில் றோட்டு குளிர்கால நிலையில் இருந்தால் எம் பிளஸ் எஸ் என்றாலும் குறைந்தது 4 மில்லிமீற்றர் ஆழத்தோடு வேண்டும். ஏப்ரல் 24 புதன்கிழமை எடுத்தால் இந்தக் கதை ஒன்றும் இல்லை. டிசெம்பரில் பின்னேரம் நாலரைக்கு முன்பே இருட்டிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்.

பேப்பர் வேலை சுருக்கம். பாஸ்போட், நியூ ஜேர்சி லைசன்ஸ், அத்தோடு சர்வதேச லைசன்ஸ். கடைசியாகச் சொன்னது அங்கே டிரிப்பிள் ஏ (AAA) என்கிற வாகன ஓட்டிகள் சங்க அலுவலகத்தில் 20 டொலர், பாஸ்போட் அளவுப் படம் இரண்டு. ஒஸ்திரியாவில் அதைக் கேட்பார்கள். இருவரும் ஓட்டுவதென்றால் இருவரும் எடுங்கோ.

14 நாள் இன்சூரன்ஸ் விலைக்குள் அடக்கம். நம்பர் பிளேற்றின் வலது கரையில் சிவப்புப் பட்டி இருக்கும், அதில் மேலிருந்து கீழே மூன்று எண்: நாள், மாதம், வருசம். அன்றோடு அந்தப் பிளேற்றும் செத்தது, இன்சூரன்ஸும் செத்தது. அடுத்த நாள் காலை ஒரு கிலோமீற்றர் ஓட்டினாலும் குற்றம். பச்சை அட்டை என்கிற இன்சூரன்ஸ் தாளில் நாடுகளின் சுருக்கெழுத்து கட்டம் கட்டமாக இருக்கும், கோடு போட்டு வெட்டின நாட்டுக்குள் போகாதே. மேலதிக நாள் வேண்டுமென்றால் ஓர்டரோடு கேட்டுவிடு.

கையளிக்கிற இடம் ஒலிம்பிக் பூங்காவுக்குப் பக்கத்து பி.எம்.டபிள்யூ வெல்ற், 2007இல் திறந்தது. பக்கத்திலேயே தொழிற்சாலை நிற்பதால் உன் கார் அங்கே செய்தது என்று நினைப்பாய். இல்லை. கிரான் கூப்பே இங்கிருந்து நூறு கிலோமீற்றரளவு தள்ளி டிங்கோல்ஃபிங்கில் கட்டி வருவது. தொழிற்சாலை பார்க்க ஆசையென்றால் தனியாகப் பதிய வேண்டும், சனி ஞாயிறில் கிடையாது.

அன்றைக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் ஒதுக்கு. சாப்பாடு தருவார்கள், பிறகு படியால் இறங்கி வரும்போது கீழே மேடையில் கார் மெல்லச் சுழலும், விளக்கெல்லாம் போட்டு. அந்த விளக்குத்தான் சிக்கல். அந்த வெளிச்சத்தில் எல்லாம் பளபளக்கும், கீறல் தெரியாது. கையெழுத்துக்கு முன் கைபேசி ரோர்ச்சைப் பெயின்ற்றுக்குச் சாய்வாகப் பிடித்துக் கதவு ஓரம், பின் பம்பரின் மேல் விளிம்பு, நாலு சில்லின் வெளி வளையம் மூன்றையும் பார். ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாகப் படம் எடு. திரும்பக் குடுக்கும்போது ஏற்கிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது சில்லுகளைத்தான். இங்கத்தைய வாகனத் தரிப்பிடங்களில் கருங்கல் விளிம்பு கூர்மையாக நிற்கும், ஒரு தரம் உரசினால் உரசினதுதான். கண்ணாடிக்குக் கீழே தெரிகிற வாகன இலக்கத்தைத் தாளோடு ஒப்பிடு. இரண்டு சாவி, முக்கோணம், முதலுதவிப் பெட்டி, மின்னும் மேற்சட்டை இருக்கா என்றும் பார். மேற்சட்டை பின் சாமான் பெட்டிக்குள் ஆழத்தில் கிடக்கக் கூடாது, ஓட்டோபான் என்கிற அதிவேக வீதியில் நின்றால் இறங்க முதல் போடுவதற்கு.

மீற்றர் மைலில் பெரிதாகவும் கிலோமீற்றர் சிறிதாகவும் இருக்கும். அமைப்புக்குள் போய் இலக்க வேகத்தைக் கிலோமீற்றருக்கு மாற்றிவிட்டுப் புறப்படு. 30 என்றால் 19 மைல், 50 என்றால் 31, 100 என்றால் 62, இந்த மூன்றும் மனதில் நிற்க வேண்டும். ஊருக்குள் கமராவுக்கு மன்னிப்பு இல்லை.

எஞ்சின் பழகும்வரை ஆறுதல். முதல் 2,000 கிலோமீற்றருக்கு 4,500 சுற்றையும் 160 வேகத்தையும் தாண்டக்கூடாது, அழுத்தி மிதிப்பதும் கூடாது, கைநூலிலேயே இருக்கு. ஆனால் ஓட்டோபானில் 130இல் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் போவதும் புது எஞ்சினுக்கு நல்லதில்லை. ஏறி இறங்கி மாறுகிற வேகம்தான் நல்லது. புது ரயருக்கு அச்சிலிருந்து கழற்ற வசதியாய் இருந்த வழுக்கல் போக ஏறத்தாழ 300 கிலோமீற்றர் வேண்டும், பிரேக் சரியாகப் படிய 500. அதனால் முதல் நாளே மலைக் கணவாய்க்கு ஓடாதே. வெல்ற்றிலிருந்து லான்ட்ஸ்பேர்க், அங்கிருந்து பி17 றோட்டால் ஃபூசன். நகரம் இல்லாத இடங்களில் 100 எல்லை, ஊருக்கு ஊர் 50க்கு இறங்கி ஏறுவாய். எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் அதைவிட நல்ல பாடம் இல்லை. ஃபூசனுக்குப் பக்கத்து நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையையும் பார்த்தாயிற்று. உபரிச் சில்லு கிடையாது. ரயர் காற்று இறங்கினாலும் 80 வேகத்துக்கு மேற்போகாமல் 80 கிலோமீற்றரளவு ஓடலாம்.

ஓட்டோபானில் வலப்பக்கத்தால் முந்தாதே. வாகனங்கள் அடைபட்டு நின்றால் இடது ஓரத்தில் இருப்பவர் இடதுக்கும் மற்ற எல்லாரும் வலதுக்கும் ஒதுங்கி நடுவில் அம்புலன்சுக்கு வழி விட வேண்டும், விடாவிட்டால் 200 யூரோ. எண்ணெய் முடிந்து நிற்பதும் குற்றம்தான்.

எண்ணெய் அடிக்கும்போது 'சூப்பர்' என்ற 95 ஒக்ரேன் போதும். அங்கே 91 என்று எழுதுவது வேறு அளவுமுறை, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஈ10 சில சதம் குறைவு, நீ அங்கே அடிப்பதிலும் பத்து வீதம் எத்தனோல்தான், பயமில்லாமல் அடி. மலிவான விலை பார்த்து டீசல் குழாயைத் தூக்காதே. ஒக்டோபர் 12இலிருந்து ஐரோப்பா முழுக்கப் புது அடையாளம் ஒட்டுகிறார்கள்: பெற்றோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம்.

சால்ஸ்பேர்க் போவதென்றால் எல்லைக்கு முன் ஏ8இல் இருக்கிற எண்ணெய் நிலையத்தில் ஒஸ்திரிய அதிவேக வீதிக் கட்டண ஸ்ரிக்கர் வாங்கு, 10 நாளுக்கு 9 யூரோவளவு. கண்ணாடியில் ஒட்டாமல் கையில் வைத்திருந்தால் செல்லாது, பிடித்தால் 120 யூரோ. இணையத்தில் வாங்கலாம் என்று யாரும் சொன்னால் கேளாதே. அது நம்பர் பிளேற்றோடு இணைகிறது, உன் நம்பர் அன்றைக்குத்தான் தெரியும். அத்தோடு இணையத்தில் வாங்கினது 18ஆவது நாள்தான் உயிர் பெறும். அதற்குள் உன் கார் கப்பலில் நிற்கும். சுவிஸ் பக்கம் போனால் வருச ஸ்ரிக்கர் ஒன்றுதான், 40 பிராங்.

திரும்பக் குடுப்பது மியூனிக்கிலேயே என்று வை, இலவசம். வேறு நகரத்தில் விட்டால் காசு. புதன் 24இல் எடுத்தால் மே 6 திங்கள் குடுக்கலாம், ஒரு நாள் கையிருப்பும் இருக்கும். சனிக்கிழமை 4ஆம் திகதியே கழுவிவிடு. பவேரியாவில் ஞாயிறும் விடுமுறையும் கார் கழுவ இடமில்லை, மே 1உம் பூட்டு. அடிப்பகுதியையும் சில்லு வளைவுக்குள்ளும் சேர்த்துக் கழுவச் சொல்: அமெரிக்கத் துறைமுகத்தில் வெளிநாட்டு மண் ஒட்டியிருந்தால் மறித்துவிடுவார்கள். டிசெம்பரென்றால் மண்ணோடு உப்பும் சேரும். தாங்கியில் கால்வாசிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். உள்ளே ஒரு குடைகூட விடாதே, ஏற்கமாட்டார்கள், ஏற்றாலும் போய்ச் சேருமென்று இல்லை. முக்கோணமும் முதலுதவிப் பெட்டியும் விரும்பினால் சூட்கேஸில் வை. ஒப்படைக்கிற தாளில் கீறல் உண்டு, இல்லை என்று எழுதுவதை நின்று வாசித்து ஒரு பிரதி வாங்கு. அந்தத் தாளும் சில்லுப் படங்களும் இல்லாவிட்டால் பிறகு எது கப்பலில் வந்த கீறல், எது உன்னுடையது என்று யாரும் பிரிக்க ஏலாது.

பிறகு பிரேமர்ஹாஃபன் துறைமுகம், அங்கிருந்து கப்பல், நியூ ஜேர்சித் துறைமுகம், டீலர். ஆறு முதல் எட்டுக் கிழமை. டிசெம்பரில் விட்டால் பெப்ரவரியில் உப்பு றோட்டில் அதே காரை இறக்குவாய், மே மாதம் விட்டால் கோடை பிறக்கக் கையில் இருக்கும். அங்கத்தைய இன்சூரன்ஸைக் கார் டீலரிடம் வந்த நாளிலிருந்து தொடங்கு, கடல் பயணத்துக்கு வேறு காப்பு விலையோடேயே இருக்கு. டீலர் வாசலை விட்டு வெளியே எடுக்க முதல் அதே படங்களை வைத்துச் சுற்றிப் பார். வெளியே எடுத்த பிறகு சொல்கிற கீறலுக்கு ஆள் இல்லை.

நாளைக்குத் திங்கள். டீலர் திறந்தவுடன் கேட்டுப் பார். கட்டுகிற திகதி இன்னும் பூட்டுப்படாமல் இருந்தால் மாற்றலாம். புதுத் திகதி கிடைத்தால் உடனே எழுது, வாடகைச் சில்லு விசாரிப்பதை நான் நிறுத்திவிடுகிறேன். அம்மா கேட்கச் சொன்னாள்: மருமகன் வரும்போது மஞ்சள் பூசணி சாப்பிடுவாரோ?

அன்புடன்,
அப்பா