இரண்டு வெள்ளைப் பூக்களுக்குப் பிறந்த ஊதா

அன்புள்ள கயல்விழிக்கு,

9:7 என்ற விகிதத்தை, பண்புகள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாகப் பிரிகின்றன என்ற மெண்டலின் விதிக்கு விலக்கு என்று மனப்பாடம் செய்துகொண்டிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னாய். அது விலக்கே அன்று என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் வில்லியம் பேட்சன், எடித் சாண்டர்ஸ், ரெஜினால்ட் புன்னெட் ஆகியோர் இனிப்புப் பட்டாணியை ஆராய்ந்தார்கள். இது நாம் குருமாவில் போடும் பட்டாணி அன்று. மணத்துக்காக வளர்க்கப்படும் கொடி, விதையோ நஞ்சு. வெள்ளைப் பூ மட்டுமே பூக்கும் இரண்டு தூய கால்வழிகளை அவர்கள் கலந்தபோது, முதல் தலைமுறைச் செடிகள் அனைத்திலும் ஊதாப் பூக்களே மலர்ந்தன. அவற்றைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு உட்படுத்தியதும், அடுத்த தலைமுறையில் ஒன்பது ஊதாவுக்கு ஏழு வெள்ளை என்ற அளவில் பிரிந்தன.

அந்த இரண்டு பெற்றோரும் கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தெரிந்தாலும், ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருந்தது. பூவுக்கு ஊதா தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமி பல நொதிகள் அடுத்தடுத்துச் செயல்பட்டு உருவாகும் பொருள். அவ்வரிசையில் எந்தப் படி தடைபட்டாலும் நிறம் வராது. பாவு இல்லாத தறியிலும் ஊடை இல்லாத தறியிலும் துணி விழாததைப் போலத்தான் இதுவும். நிறத்துக்குத் தேவையான இரண்டு மரபணுக்களை C, P என்று கொள். பெரிய எழுத்து வேலை செய்யும் ஓங்கு வடிவம், சிறிய எழுத்து வேலை செய்யாத ஒடுங்கு வடிவம். ஒரு பெற்றோர் CCpp, மற்றது ccPP. பிள்ளை CcPp ஆனதால் இரண்டு தேவைகளும் ஒரே செடியில் கூடிவிட்டன.

இரண்டு மரபணுக்கள் தனித்தனியாகப் பிரியும்போது பதினாறு பங்குகளில் வரும், நீ நன்கறிந்த 9:3:3:1 விகிதத்தை இப்போது எடுத்துக்கொள். C, P இரண்டிலும் ஓங்கு அல்லீல் (மரபணுவின் ஓங்கு வடிவம்) பெற்ற ஒன்பது பங்கு மட்டும் ஊதா. எஞ்சிய 3, 3, 1 மூன்றுக்கும் ஏதோ ஒன்று குறைவதால் எல்லாம் சேர்ந்து ஏழு பங்கு வெள்ளை. மரபணுக்கள் மெண்டல் சொன்னபடியே தனித்தனியாகப் பிரிகின்றன. மாறுவது அவை சேர்ந்து காட்டும் தோற்றம் மட்டுமே. 9:3:4, 12:3:1 ஆகியவையும் இதே பதினாறு பங்குகளை வேறு விதமாகக் கூட்டியவைதான். தனித்தனியாக உருப்போட வேண்டியதில்லை.

மெண்டலுக்கே இதன் சாயல் தெரிந்திருந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. வெள்ளைப் பூ பீன்ஸைச் சிவந்த பூ பீன்ஸுடன் கலந்ததன் இரண்டாம் தலைமுறையில், பூத்த 31 செடிகளுள் ஒன்று மட்டுமே வெள்ளையாக இருந்ததை 1866இல் வெளிவந்த கட்டுரையில் குறித்து, பூவின் நிறம் ஒன்றுக்கு மேற்பட்ட தனிப் பண்புகளின் கூட்டாக இருக்கலாம் என்று ஊகித்தார். அங்கே ஏதேனும் ஓர் ஓங்கு பண்பு இருந்தாலே நிறம் வரும் என்று அவர் கொண்டதால், கணக்கு 15:1 ஆகிறது.

தேர்வுக்கு முன் ஒன்று செய்து பார். அந்த ஏழு பங்கு வெள்ளைச் செடிகளையும் தொடக்கப் பெற்றோர் இருவருடனும் தனித்தனியே கலப்பதாக வைத்து, எவற்றின் பிள்ளைகளில் ஊதா வரும், எது இருவருடன் கலந்தாலும் வெள்ளையையே தரும் என்று கட்டம் போட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா