கியூ10 எரிபொருள் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கோஎன்சைம் கியூ10 மாத்திரையைச் 'செல்லுக்கான எரிபொருள்' என்று எழுதியிருந்தீர்கள். அது எரிபொருளே இல்லைங்க. எலெக்ட்ரான்களைச் சுமந்து நொதிகளுக்கு உதவும் துணைநொதி, அவ்வளவுதான்.

சக்தி வருவது நாம் சாப்பிடும் சோற்றிலிருந்தும் எண்ணெயிலிருந்தும். அவை செல்லுக்குள் உடையும்போது பிரியும் எலெக்ட்ரான்களை முதலில் வாங்கிக்கொள்பவை என்ஏடி, எஃப்ஏடி என்ற இரண்டு துணைநொதிகள். என்ஏடி ஒரு நடைக்கு இரண்டு எலெக்ட்ரான்களைத் தூக்கிக்கொண்டு போய், செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருக்கும் முதல் புரதத் தொகுதியில் இறக்கிவிட்டு, அடுத்த நடைக்குக் காலியாகத் திரும்பிவிடும். எஃப்ஏடி அப்படி அலைவதில்லை, தன் நொதியோடு ஒட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே கைமாற்றும். இந்த இருவரிடமிருந்தும் வரும் எலெக்ட்ரான்களை மூன்றாம் தொகுதிக்குக் கொண்டுபோவதுதான் கியூ10-இன் வேலை. கொழுப்பில் கரையும் நீண்ட வால் இருப்பதால் அது சவ்வுக்குள்ளேயே நீந்தித் திரியும். அப்புறம் சைட்டோகுரோம் சி என்ற சுமக்கும் புரதம், நான்காம் தொகுதி, கடைசியில் நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜன். அங்கே எல்லாம் சேர்ந்து தண்ணீராகிவிடும். இந்த ஓட்டத்தில் சவ்வுக்கு வெளியே தள்ளப்படும் புரோட்டான்கள் திரும்ப உள்ளே பாயும்போதுதான் செல் சக்திக்குச் செலவழிக்கும் ஏடிபி உருவாகிறது. பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961-இல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை, 1978-இல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது.

லோடுமேன்களைக் கூட்டினால் மட்டும் குடோனில் நெல் பெருகிவிடுமா? அதுவும் கியூ10-ஐ உடலே தயாரித்துக்கொள்கிறது. உணவிலிருந்து வந்தாக வேண்டியவை பி2, பி3 வைட்டமின்கள். எஃப்ஏடி பி2-இலிருந்தும் என்ஏடி பெரும்பாலும் பி3-இலிருந்தும் உருவாகின்றன. சோளத்தையே நம்பி வாழ்ந்த தக்காண ஏழைகளிடம் பெல்லக்ரா என்ற சத்துக்குறை நோய் வந்ததை ஹைதராபாத்தில் ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன் குழு ஆராய்ந்தது இந்த பி3 சம்பந்தப்பட்ட விஷயம்தான். அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை.

கொலஸ்ட்ராலுக்கு ஸ்டேட்டின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் கியூ10 குறையும் என்பது சரி, கொலஸ்ட்ராலும் கியூ10-உம் உடலில் தயாராவது ஸ்டேட்டின் தடுக்கும் அதே பாதையில்தான். ஆனால் மாத்திரை போட்டால் தசைவலி தீருமா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தின் பலனை கியூ10 குறைத்துவிடக்கூடும், அவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. இந்த எச்சரிக்கையையாவது அடுத்த வார இணைப்பில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர், திருச்சி